கடைசிப் பதினாறு பக்கங்கள்

சிங்கப்பூரில் என் புத்தகத்துக்கு வாசிப்புக் கூட்டம் நடந்தால், வருகிறவர்களை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். அவர்கள் கூட்டத்துக்கு நான் போனதால் முறை செய்ய வருகிறவர்கள், நூலகத்தின் குளிர்சாதனத்துக்காக வருகிறவர்கள், முடிந்ததும் கிடைக்கும் கறிபஃப்புக்காக வருகிறவர்கள். இவர்களில் கறிபஃப்காரர்கள்தான் கடைசிவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆகவே, "சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில உன் நாவலை ஊரே படிச்சிருக்கு, நீ வந்தே ஆகணுமாம்" என்று ஹாஜிரா போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. ஹாஜிரா என் கல்லூரித் தோழி. விருதுநகரில் அவள் குடும்பம் காகித வியாபாரம் செய்கிறது. என்னைக் கேலி செய்வதில் அன்றும் இன்றும் அவளுக்கு வாய் வலித்ததில்லை.

"ஊரேன்னா எத்தனை பேர்? அஞ்சா, ஆறா?" என்றேன்.

"வந்து நீயே எண்ணிக்கோடி. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லச் சொன்னாக. வரும்போது முடிவை மறக்காமக் கொண்டு வரணுமாம்."

முடிவை நான் எங்கே விட்டுவிட்டு வரப்போகிறேன், அது புத்தகத்தோடுதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஊரே படித்திருக்கிறது என்ற சொல் காதில் தேனாக இறங்கியிருந்தது. டிக்கெட் போட்டுவிட்டேன்.

மதுரையில் இறங்கி, விருதுநகர் போகும் என்று சொன்ன ஒரு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்து, "ஊருக்குள்ள போகாதும்மா, பைபாஸ்லதான் எறக்கி விடுவோம். பரவால்லையா?" என்றார். பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். பைபாஸ் என்றால் ஊர் ஓரமாக ஒரு நிழற்கூடமும் நாலு ஆட்டோவும் இருக்கும் என்பது என் சிங்கப்பூர்க் கற்பனை. பஸ் போன பிறகு பார்த்தால் ஒரு மேம்பாலம், என் பெட்டி, நான். மூவரும் வெயிலில் நின்றோம். ஹாஜிராவைக் கூப்பிட போனை எடுத்தேன். அது விமானத்திலேயே உயிரை விட்டிருந்தது.

ஒரு லோடு ஆட்டோ வேகம் குறைந்து, கொஞ்சம் பின்னால் வந்து நின்றது. பின்பக்கம் முழுக்க சாத்தூர் சேவு டின்கள். "எங்கன போகணும் தாயி?" என்றார் ஓட்டுகிறவர். ஊருக்குள் என்றேன். அவர் முன் இருக்கையில் இருந்த டின்னைப் பின்னால் தள்ளிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். கிளம்பிய கையோடு ஒரு பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தார். காரச் சேவு. மிளகாயும் பூண்டும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்காமல் நாக்கில் சண்டை போட்டன. கண்ணில் தண்ணீர் வழிய வழிய நான் தின்றுகொண்டிருந்தேன். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். கதை எழுதுகிறவள், புதுப்பட்டிக் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன் என்றதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

"பவளம் கத எளுதினது நீங்களா? எங்க கொளுந்தியா அங்கனதான் வேலைக்குப் போகுது. வீட்டுக்கு வந்தா இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டு எனக்கே ஆத்தமாட்டாம இருக்கு. அந்தப் புருசங்காரன் வந்தானா, வரலையா? என்கிட்ட மட்டும் சொல்லுங்க, யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

இருபது வருடமாக எழுதுகிறேன். சாலையில் ஒரு மனிதர் என் பாத்திரத்தைப் பெயர் சொல்லி விசாரிப்பது இதுதான் முதல் தடவை. "முடிவு புத்தகத்துலயே இருக்குமே" என்று நழுவினேன். "எங்க இருக்கு? அதுதான இப்ப பிரச்சினையே" என்றார் அவர். என்ன பிரச்சினை என்று கேட்பதற்குள் ஹாஜிராவின் கடை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எண்ணெய்ப் பரோட்டா. சிங்கப்பூரிலும் பரோட்டா உண்டு, அதை எங்கள் ஊரில் செல்லமாகப் பிராட்டா என்போம். அதைத் தின்றால் சர்க்கரை தொட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கத் தோன்றும். விருதுநகர்ப் பரோட்டா யோசனைக்கு இடம் கொடுப்பதில்லை. எண்ணெயில் முறுகி, சால்னாவில் ஊறி, வாய்க்குள் போகும்போது பாதி முறுக்கு, பாதி அல்வா. ஹாஜிராவின் கணவர் நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இலையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் வேண்டாம் என்று சொன்னதும் அவ்வளவு உறுதியான குரலில் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஹாஜிரா என்னைச் சிவகாசிக்குக் கூட்டிப்போனாள். கூட்டத்தை ஏற்பாடு செய்திருந்த செல்லத்துரை, அங்கே ஒரு பைண்டிங் பட்டறையில் சூப்பர்வைசர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் தாள் மடிக்க எலும்பால் செய்த மடிப்புக்கோல் செருகியிருந்தார். பட்டறை முழுக்க அடுத்த வருடத்துக் காலண்டர்கள். பெரியவர்களாகவும் சிறியவர்களாகவும் பிள்ளையார்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். இங்கே ஒரு வருடம் முன்கூட்டியே பிறந்துவிடுகிறது.

"மேடம், மொதல்ல ஒரு விசயம் சொல்லிருதேன். கோவிச்சுக்கிடக் கூடாது" என்று ஆரம்பித்தார். "எங்க படிப்பகத்துல இருக்கிற புஸ்தகம் அம்புட்டும் கழிச்சுப் போட்டதுதான்."

விளக்கினார். இந்தப் பக்கத்து அச்சகங்களில் அச்சாகும் புத்தகங்களில் சில பிழையாகிப்போகும். அட்டை தலைகீழாக ஒட்டியிருக்கும். பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பை இவர்கள் ஃபாரம் என்கிறார்கள். சில புத்தகத்தில் ஒரே ஃபாரம் இரண்டு தடவை வந்துவிடும், சிலவற்றில் ஒன்று வராமலே போய்விடும். அப்படிப்பட்டதை அச்சகம் விற்க முடியாது. கழிவுக் காகிதமாகப் போய் வெடிக்குக் குழாயாகச் சுற்றப்படும். செல்லத்துரை அங்கங்கே கேட்டு வாங்கி, புதுப்பட்டிப் படிப்பகத்தில் சேர்த்துவிடுகிறார்.

"ஒங்க நாவலும் இங்கனதான் அடிச்சது. அதுல ஒரு கட்டுக்குக் கடைசி ஃபாரம் விட்டுப்போச்சு. தச்சு, அட்டையும் ஒட்டின பெறகுதான் பாத்தாக. பிரஸ் ஒங்க பதிப்பாளருக்கு வேற அடிச்சுக் குடுத்திருச்சு. இத நான் கேட்டு வாங்கிட்டேன். நாப்பது அம்பது காப்பி இருக்கும். ஒரே புஸ்தகம் அம்புட்டு பேருக்குக் கெடச்சது அதுதான் மொதல் தடவ."

என் நாவலை ஊரே படித்த ரகசியம் இதுதான். ஹாஜிரா முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையார்களைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது.

"அப்படின்னா, முடிவு தெரியாமலேயா எல்லோரும் படிச்சாங்க?" என்றேன்.

"அது எங்களுக்குப் பளக்கம்தான மேடம். ஃபாரம் இல்லாட்டி நாங்க ஃபாரம் போட்டுக்கிடுவோம்."

அதுதான் அந்த ஊரின் வழக்கம். புத்தகத்தில் எந்த இடம் விட்டுப்போயிருக்கிறதோ அந்த இடத்தை யாராவது ஒருவர் சொல்லி நிரப்ப வேண்டும். அதற்குப் பெயர் ஃபாரம் போடுவது. ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் வாசிப்பு நடக்கும். வாரநாளில் பட்டாசுக் கம்பெனியில் அதையே பேசுவார்கள். அங்கே ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒரு அறைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வெட்டவெளி. செல்போன் வாசலோடு சரி. நாலு பேரும் கையால் வேலை செய்துகொண்டே வாயால் கதையை நடத்துவார்கள். அதனால் ஒவ்வொரு அறையிலும் ஒரு ஃபாரம் உருவாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லா ஃபாரத்தையும் கேட்டு, எது நன்றாக இருக்கிறதோ அதை ஊர் வைத்துக்கொள்ளும்.

கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோபமும் கொஞ்சம் இருந்தது. "அப்படின்னா அசல் புத்தகத்தை வாங்கிப் பாக்கிறதே இல்லையா?" என்றேன்.

"எதுக்கு மேடம்? நாங்க போட்டதே நல்லாத்தான இருக்கு."

"பிறகு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

செல்லத்துரை மேசையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை எடுத்து என் முன்னால் வைத்தார். மணமகள் பெயருக்கு மேலே, அப்பா பெயர் வரவேண்டிய வரியில், அவர் கையால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

"முருகேஸ்வரின்னு எங்க படிப்பகத்துல ஒரு பிள்ள. கம்பெனியில மத்தாப்பு வேல. புருசன் கணேசன் சிங்கப்பூருக்குக் கப்பல் கம்பெனி வேலைக்குப் போனாரு. மொதல்ல போன் வந்துச்சு, பணம் வந்துச்சு, பெறகு ஒண்ணுமே வரல. அவரு போகும்போது மக ஒண்ணாப்பு. இப்ப அதுக்குக் கல்யாணம். 'எம் மகன் பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போட்டா, நான் மண்டபத்து வாசல மிதிக்க மாட்டேன்'னு மாமியா சொல்லுது. முருகேஸ்வரியோட அண்ணன்காரரு, 'உசுரோட இருக்கான்னு போட்டா அவன் எங்கன்னு மாப்ள வீட்டுல கேப்பாக. அப்பன் இருக்கையில நான் எப்பிடித் தாரை வாக்க முடியும்?'னு குதிக்காரு. கார்டு அடிக்கணும். முருகேஸ்வரி, 'ஞாயித்துக்கிளம அந்தக்கா வந்து கதைய முடிக்கட்டும், திங்கக்கிளம சொல்லுதேன்'னு நிப்பாட்டி வச்சிருக்கு."

இங்கே என் நாவலைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். பவளம் என்று ஒருத்தி. புருஷன் கடல் தாண்டிப் போனவன், தகவல் இல்லை. அவள் ஒற்றையாக மகளை வளர்த்து ஆளாக்குகிறாள். மகளைப் பெண் பார்க்க வரும் நாளில் வாசல் கதவு தட்டப்படுகிறது. அவ்வளவுதான். கதவு தட்டப்படுவதோடு நாவல் முடிந்துவிடும். தட்டியது யார் என்று நான் எழுதவில்லை. சொல்லாமல் விட்டதுதான் இந்த நாவலின் உச்சம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஒரு பரிசுகூடக் கிடைத்தது. அந்த உச்சத்தை வைத்துக்கொண்டு சிவகாசியில் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில், தட்டியது யார் என்று நான் எழுதவே இல்லை என்று ஹாஜிராவிடம் சொன்னேன். "மாத்தி எழுதிருடி. ஒரு வரிதான? வந்தான், இல்ல வரலை" என்றாள். அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து உண்மையாகவே முயன்றேன். வந்தான் என்று எழுதினால் பொய்யாக இருந்தது. வரவில்லை என்று எழுதினால் முகம் தெரியாத ஒரு மனிதனை நானே கொல்வதுபோல் இருந்தது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் படுத்தேன். எழுத்தாளர் ஆனதற்காக இதற்கு முன்னால் நான் இப்படி வருத்தப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சிவகாசியிலிருந்து ஷேர் ஆட்டோ. என் மடியில் யாரோ ஒருவருடைய காய்கறிப் பை. காலடியில் யாரோ ஒருவருடைய சேவல், கால்கள் கட்டப்பட்டு, என் செருப்பை ஆராய்ச்சி செய்துகொண்டு வந்தது. இறங்கும் இடத்தைத் தவறவிடுவேனோ என்ற பயமே தேவைப்படவில்லை. வண்டியில் இருந்த எல்லோரும் அங்கேதான் வந்துகொண்டிருந்தார்கள், சேவல் உட்பட.

படிப்பகத்தில் இடம் போதாது என்று கூட்டத்தை மாற்றியிருந்த சமுதாயக்கூடம் நிறைந்திருந்தது. எண்ணிப் பார்க்கும் ஆசையை நான் முன் வரிசையிலேயே கைவிட்டேன். பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பின்னால் சுவர் ஓரமாக நின்றார்கள். என் கையில் கலர் பாட்டிலும் சுண்டல் பொட்டலமும் திணிக்கப்பட்டன. "சாப்பிட்டீகளா?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். சாப்பிட்டேன் என்ற பதிலை ஒருவரும் நம்பவில்லை.

ஒரு பெண் கையிலிருந்த என் நாவலை வாங்கிப் பார்த்தேன். பக்க ஓரங்களில் எல்லாம் கட்டைவிரல் தடம், மங்கிய வெள்ளி நிறத்தில். கம்பெனியில் கையில் ஒட்டிய அலுமினியப் பவுடர் எத்தனை கழுவினாலும் ரேகைக்குள் கொஞ்சம் தங்கிவிடுமாம். சில பக்கங்களில் தடம் அதிகம். அங்கே நின்று நின்று படித்திருக்கிறார்கள். நான் பெருமைப்பட்டு எழுதிய கடற்கரை வருணனையில் மட்டும் ஒரு தடமும் இல்லை. தாண்டிவிட்டார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நேர்மையான மதிப்புரை அதுதான்.

கூட்டம் ஆரம்பிக்கும் முன் முருகேஸ்வரி என்னிடம் வந்தாள். ஒல்லியான உருவம். நெற்றியில் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. பொட்டு மாமியாருக்காக, பூ இல்லாதது அண்ணனுக்காக என்று பிறகு தெரிந்துகொண்டேன். இருவருக்கும் நடுவில் அவள் இத்தனை வருடம் நின்றிருக்கிறாள்.

"யக்கா, கணேசன்னு ஒருத்தரு. கப்பல் கம்பெனி. வலது புருவத்துல ஒரு வெட்டுத் தளும்பு. அங்கன எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?"

சிங்கப்பூரில் இருக்கிறேன் என்றாலே எங்கள் மாமாவைப் பார்த்தீர்களா, பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்தீர்களா என்று கேட்பவர்கள் மீது எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். ஊர் முழுக்க ஒரே தெருவா என்று சுள்ளென்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

"இல்லைம்மா."

"சரி. கேக்காம இருந்திரக் கூடாதுன்னு கேட்டேன்" என்றாள். "பவளத்தோட புருசன் வாரானாக்கா?"

"கூட்டத்துல படிக்கிறேனே."

"படிங்க. நாளைக்குக் காலையில நான் பிரஸ்ஸுக்குச் சொல்லணும்."

எழுத்தாளர் கடைசியாகத்தான் பேசலாம் என்று செல்லத்துரை அறிவித்தார். முதலில் ஊரார் போட்ட ஃபாரங்கள். கணீர்க் குரலோடு பேச்சியம்மா என்பவள் எழுந்தாள்.

"வந்தான்ல அவன். பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான். பவளம் யாருன்னு கேட்டா. 'நாந்தான்'னான். 'நாந்தான்னா எந்த நாந்தான்? ஆதார் கார்டு இருக்கா?'ன்னா. அவன் பேந்தப் பேந்த முளிச்சான். 'இல்லைன்னா போயி எடுத்துட்டு வா'ன்னு அனுப்பிட்டா. இன்னமும் அவன் ஆபீஸ் ஆபீஸா அலையிறான்." கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

அடுத்து ஒரு இளம்பெண். அவள் கதையில் வெளிநாட்டிலிருந்து ஒரு சவப்பெட்டி வந்து இறங்கியது. உடனே நாலா பக்கமிருந்தும் சத்தம். "ஏட்டி, வாரம் பூரா வெடி மருந்துக்குள்ள உக்காந்திருக்கோம். ஞாயித்துக்கிளமையும் பொணமா? மாத்திப் போடு!" அந்தப் பெண் அசரவில்லை. ஒரு கணம் யோசித்து, "பொட்டியத் தொறந்து பாத்தா உள்ள டிவி இருந்துச்சு" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். பின்னால் நின்ற ஒருவர் போட்ட ஃபாரத்தில் பவளம் கலெக்டருக்கு மனு கொடுத்தாள், பிறகு தூதரகத்துக்கு மனு கொடுத்தாள். மூன்றாவது மனுவில் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது முருகேஸ்வரி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தது. விட்டுப்போன பதினாறு பக்கத்தையும் படித்தேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பவளம் வீட்டைப் பெருக்குகிறாள், விளக்கேற்றுகிறாள், கதவு தட்டப்படுகிறது. நிறுத்தினேன். புத்தகத்தை மூடினேன்.

நான் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இம்புட்டுதானா?" என்றாள் பேச்சியம்மா.

"இவ்வளவுதான்."

அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினாள். அது கடையில் விலைக்கு விற்கும் நல்ல பிரதி. பின்னட்டையைப் புரட்டித் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். செல்லத்துரையிடம் நீட்டினாள். "அண்ணே, இதுலயும் ஒரு ஃபாரம் கொறையுது."

கூடத்தில் சிரிப்பு ஓய்வதற்கு வெகு நேரம் ஆனது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிவை வாசகர்களிடம் விட்டுவிட்டேன், அது ஒரு நவீன உத்தி என்று விளக்கினேன். பரிசளிப்பு விழாவில் இதே விளக்கத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. இங்கே ஒரு பெண், "நாங்கதான் நாலஞ்சு வாரமா முடிவு செஞ்சுக்கிட்டே இருக்கோமே. ஒங்க முடிவக் கேக்கத்தான ஒங்களக் கூப்பிட்டோம்" என்றாள்.

முருகேஸ்வரி எழுந்தாள். சத்தம் தானாக அடங்கியது. அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"யக்கா, நீங்க எளுதும்போது கதவுக்கு வெளிய யாரு நின்னா?"

பொய் சொல்லலாம். வந்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தலையில் பூ ஏறும். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

"தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. நான் யோசிச்சே பாக்கலை."

"யோசிக்காமலேதான் தட்ட விட்டீகளா?"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முருகேஸ்வரி கோபப்படவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப நான் ஃபாரம் போடவா?"

செல்லத்துரை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"பவளம் அடுப்படியில இருக்கா. பொண்ணு பாக்க வாரவகளுக்கு பஜ்ஜி போட்டுக்கிட்டு இருக்கா. எண்ணெ காஞ்சு கெடக்கு. கதவு தட்டுது. யாருன்னு கேட்டா. சத்தம் வரல. மறுபடியும் தட்டுது. மாவுக் கையோட எப்பிடி எந்திரிச்சு வாரது? மக வேற பட்டுச்சேல கட்டிக்கிட்டு இருக்கா. பவளம் உள்ள இருந்தே சொன்னா: 'தாப்பாப் போடல, சும்மாதான் சாத்தியிருக்கு. உள்ள வாரவக வாங்க.' சொல்லிட்டு அடுத்த பஜ்ஜிய எண்ணெயில போட்டா."

உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் கை தட்டவில்லை. பேச்சியம்மா மட்டும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது நல்லாருக்கு. இத வச்சுக்கிடுவோம்" என்றாள். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மூன்று வருடம் எழுதிய என் நாவலுக்கு இப்படியாக எம். புதுப்பட்டி சமுதாயக்கூடத்தில் முடிவு கிடைத்தது. உள்ளதைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் இருந்தது. ஒரு கதையை இவ்வளவு கறாராக, இவ்வளவு உரிமையோடு எடுத்துக்கொள்கிற மனிதர்களை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. இங்கே யாரும் கறிபஃப்புக்காக வரவில்லை. சுண்டலைக்கூட முதலிலேயே கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம், செல்லத்துரையிடம் விடைபெற்றுவிட்டுச் சிவகாசி பஸ் நிலையத்தில் மதுரை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வழியனுப்ப வந்த ஹாஜிரா எனக்காகப் பால்கோவா வாங்கப் போயிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முருகேஸ்வரி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே கல்யாணப் பத்திரிகைகள், அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை.

"கார்டு வாங்க லீவு போட்டேன். ஒங்களுக்கு நேர்ல குடுத்திருவோம்னு வந்தேன்."

பிரித்துப் பார்த்தேன். 'முருகேஸ்வரி அவர்களின் மகள்' என்று மட்டும் இருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை.

"மாமியார் என்ன சொன்னாங்க?"

"'எம் மகனக் கொன்னு போடலைல்ல, அது போதும்'னாக."

"அண்ணன்?"

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காக. தாரை நானே வாக்கப்போறேன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேச மாட்டாக. பெறகு பந்திக்கு ஆள் வேணும்ல, தானா வந்திருவாக."

பஸ் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கினேன். அவள் பையிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. உறையின் மேல் திருத்தமான கையெழுத்தில் 'திரு. கணேசன் அவர்கள், சிங்கப்பூர்' என்று எழுதியிருந்தாள்.

"இத அங்கன கொண்டு போங்கக்கா. எங்கயாச்சும் கண்ணுல பட்டா குடுங்க. மக கல்யாணத்துக்கு அளைக்கலைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்திரக் கூடாது."

"எங்கேன்னு தேடுவேம்மா? அட்ரஸ் இருக்கா?"

"அட்ரஸ் இருந்தா நானே தபால்ல போட்டிருக்க மாட்டேனா?"

கல்யாணப் பத்திரிகையை ஒரு கையால் வாங்கக் கூடாது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினேன். அப்போதுதான் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருப்பதைப் பார்த்தேன். 'மற்றும் குடும்பத்தினர்.' எல்லா உறையிலும் எழுதுகிற வரிதான். கை தன் பழக்கத்தில் எழுதிவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் என் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதான் எளுதினேன்" என்றாள். "அங்கன யாரும் இருந்தாக்க, அவுகளையும் கூட்டிட்டு வரட்டும். ரெண்டு எலை கூடப் போடுறதுக்கு நம்மகிட்ட எடமா இல்ல?"